வீணையிலிருந்து சிலம்புக்கு

பிரெஞ்சு இசைக்கலைஞர் அலேன் டேனியேலு 1907-ஆம் ஆண்டு பாரிஸ் நகருக்கு அருகில் பிறந்தார். தம் நாட்டில் வாய்ப்பாட்டும் இசையமைப்பும் பயின்ற அவர், பின்னர் காசிக்கு வந்து குடியேறினார். அங்கு மீண்டும் தொடக்க நிலை மாணவராகி, குருவிடம் பல ஆண்டுகள் வீணை கற்றார்.

அக்காலத்தில் மேலைநாட்டார் பலர் ஆசிய இசையை வெறும் விந்தையாகவே கருதினர். அது மேலை இசைக்கு நிகரான செவ்வியல் கலை என்பதைத் தம் நூல்களாலும் யுனெஸ்கோ இசைத்தட்டுகளாலும் அவர் உணர்த்தினார்.

1950-களில் அவர் சென்னை அடையாறு நூலகத்தின் இயக்குநரானார். யாழ், குழல் பற்றிய நுட்பமான செய்திகள் நிறைந்த சிலப்பதிகாரத்தைப் பிரெஞ்சு மொழியிலும் (1961) ஆங்கிலத்திலும் (1965) மொழிபெயர்த்தார். 1994-இல் மறைந்தார்.

பிறர் கலையை மதிப்பிடுமுன் பணிவுடன் அதைக் கற்க வேண்டும் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.