பைன் பலகையும் நம் கைத்திறனும்

தச்சுக் கூடத்தில் முழு உருவம் பெற்று, வண்டியேறி வீடு வந்து சேர்வதே மேசைக்கும் அலமாரிக்கும் நெடுங்கால வழக்கம். இன்றோ அவற்றுள் பல, அட்டைப் பெட்டிக்குள் பலகைகளும் திருகுகளுமாக வருகின்றன. பெட்டியைத் திறப்பவரே பாதித் தச்சராகிவிடுகிறார். விலை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், அப்படி வாங்கிய அலமாரி சில ஆண்டுகளில் ஆட்டங்கண்டு குப்பைக்குப் போகுமா, நெடுநாள் உழைக்குமா என்பது பூட்டுகின்ற கையையும் பொறுத்தது. பைன் மரச் சாமான்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

பிரித்து அனுப்பும் முறை

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. மைக்கேல் தோனெத் 1859 ஆம் ஆண்டில் உருவாக்கிய 14 ஆம் எண் நாற்காலி, வளைத்த மரத்துண்டுகள் ஆறும் திருகுகள் பத்தும் மரைகள் இரண்டும் கொண்டது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. ஸ்வீடனில் இங்வர் காம்பிராட் 1943 இல் தொடங்கிய ஐக்கியா நிறுவனம் 1950களில் இவ்வழியை மேற்கொண்டது. அங்குப் பணியாற்றிய கில்லிஸ் லுண்ட்கிரென், மேசையொன்று காருக்குள் நுழையாததால் அதன் கால்களைக் கழற்றினார் என்றும், அதுவே தொடக்கம் என்றும் கூறுவர். வெற்றிடத்தை ஏற்றிச் செல்ல வண்டிக்கூலி கொடுக்கத் தேவையில்லை என்பதே இதன் பொருளியல். அந்நிறுவனத்தின் முதல் இந்தியக் கடை 2018 இல் ஐதராபாத்தில் திறக்கப்பட்டது.

மரத்தின் இயல்பு

பைன், குளிர்நாடுகளில் மிகுதியாக வளரும் ஊசியிலை மரம். தேக்கைவிட மென்மையானது, நகம் அழுந்தினாலும் தடம் விழும். ஈரக்காற்றில் பலகை அகலவாட்டில் உப்பும், வறண்டால் சுருங்கும், நீளவாட்டில் மாற்றம் மிகச் சிறிதே. கணுக்களில் பிசின் தங்கியிருக்கும். ஆயினும், மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகைக்கு இல்லாத ஒரு நற்பண்பு இதற்கு உண்டு. தூள்பலகை நீர்பட்டு உப்பினால் மீண்டும் பழைய நிலைக்கு வாராது. பைனையோ இழைக்கலாம், அறுக்கலாம், மறுபடியும் துளையிடலாம். எனவே வாங்கும்போதே முழு மரமா, மேலே தாள் ஒட்டிய தூள்பலகையா என்று பலகையின் ஓரத்தைப் பார்த்து அறிதல் நலம்.

பூட்டும் முறை

முதலில் உறுப்புகளைத் தரையில் பரப்பி, படத்தோடு ஒப்பிட்டு எண்ண வேண்டும். எந்தத் திருகையும் தொடக்கத்திலேயே முற்றிலும் இறுக்கலாகாது. எல்லா மூட்டுகளும் பொருந்திய பின், எதிரெதிர் மூலைகளுக்கு இடையே நாடாவால் குறுக்காக அளக்க வேண்டும். இரு மூலைவிட்டங்களும் சமமானால் சட்டம் கோணாமல் இருக்கிறது என்பது பள்ளியில் படித்த வடிவியலே. அதன்பின் இறுக்கி, முதுகுப் பலகையை அறைய வேண்டும். சட்டம் சாயாமல் காப்பது அதுவே. மர முளைகளில் பசையிட்டால் உறுதி கூடும். ஆனால் பிறகு பிரிக்க இயலாது. அடிக்கடி வீடு மாறுவோர் பசையைத் தவிர்ப்பதே நன்று.

உயரமான அலமாரியையும் இழுப்பறைப் பெட்டியையும் சுவரோடு பிணைப்பது இன்றியமையாதது. சுவரில் பிணைக்காத இழுப்பறைப் பெட்டிகள் சாய்ந்து குழந்தைகள் உயிரிழந்ததால், 2016 இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 2.9 கோடிப் பெட்டிகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. பெட்டியிலேயே வரும் சிறு இரும்புத் தகட்டைத் தேவையற்றதென ஒதுக்குவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழையது புதிதாகும் வகை

திருகு பிடிக்காமல் துளை பெரிதாகிவிட்டதா? மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்துத் துளையில் செருகி, உலர்ந்தபின் மீண்டும் திருகலாம். பலகையில் பள்ளம் விழுந்ததா? நார் அறுபடாதிருந்தால், ஈரத்துணியை விரித்து மேலே சூடான இஸ்திரிப் பெட்டியைச் சிறிது நேரம் வைக்க, நீராவியால் நசுங்கிய நார் எழும்பும்.

வண்ணம் பூச விரும்பினால், 120, 180, 240 ஆம் எண் உப்புத்தாள்களால் அந்த வரிசையில், மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும்; மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளல் நன்று. கணுக்களின் மேல் முதலில் அரக்குக் கரைசலைப் பூச வேண்டும். இன்றேல் வெள்ளை வண்ணத்தினூடே பிசின் பழுப்பாகக் கசியும். ஸ்வீடன் நாட்டுப் பலகையின் கறையைத் தடுக்கும் அரக்கு, ஜார்க்கண்ட் போன்ற நம் மாநிலங்களில் சிறு பூச்சிகள் தரும் பொருளாகும்! பிடிகளை மாற்றி, கால்களைப் பொருத்தினால், பழைய இழுப்பறைப் பெட்டியே புதிய படிப்பு மேசையின் ஒரு பக்கமாகும்.

முடிவாக

இத்தாலிய வடிவமைப்பாளர் என்சோ மாரி 1974 இல், பைன் பலகையும் ஆணியும் சுத்தியலும் மட்டுமே கொண்டு எவரும் செய்யத்தக்க சாமான்களின் வரைபடங்களைத் தொகுத்து, அஞ்சல் செலவு மட்டும் அனுப்பியவர்க்கெல்லாம் கொடுத்தார். தானே செய்து பார்ப்பவனுக்கே நல்ல பொருள் எது, போலி எது என்பது புலப்படும் என்பது அவர் எண்ணம். ஒரு மூட்டைப் பூட்டிப் பார்த்தவர், தச்சரின் கூலியை மிகையென்று பேரம் பேசத் தயங்குவார். பணத்தை மிச்சப்படுத்துவதோடு, உழைப்பின் அருமையையும் கற்றுத் தருமாயின், அட்டைப் பெட்டிக்குள் வரும் அப்பலகையும் நமக்கு ஒரு பாடநூலே.