கடைக்கு ஒரு சைக்கிள்: தார் ரோட்டுக்கும் ஜல்லி ரோட்டுக்கும் ஏற்றது எது?



மூன்று வருடங்களுக்கு முன், என் மளிகை மொத்தக் கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவருக்குச் சைக்கிள் வாங்கினேன். ஓசூரில் சில்லறைக் கடைகளுக்குப் போய் ஆர்டர் எடுக்க, பாக்கி வசூலிக்க, அவசரத்துக்குப் பத்துப் பதினைந்து கிலோ சரக்குக் கொண்டுபோக அது போதும் என்பது என் கணக்கு. பார்க்க அழகாக, டயர் ஒல்லியாக இருந்தது. விலை படிந்தது, வாங்கிவிட்டேன்.

இரண்டாம் மாதம், பாகலூர் சாலையிலிருந்து பிரியும் மண் ரோட்டில், டிப்பர் லாரி சிந்திய ஜல்லியில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டு. வைத்தியச் செலவும் சம்பளமும் நான் கொடுத்தேன், வலி அவருடையது. விற்றவர் மேல் குற்றமில்லை. எந்த ரோட்டில் ஓடப்போகிறது என்று நான் சொல்லவே இல்லை. அதன் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதை நம் உறுப்பினர்களுக்காக எழுதுகிறேன்.

1. முதலில் டயர்

கல் குவாரிகள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. தார் ரோடு முடிந்து பத்தடியில் ஜல்லி தொடங்கும். ஒல்லி டயர் கல்லுக்கிடையே புதைந்து திசை மாறும். அகல டயர் கல்லின் மேல் பரவி நிற்கும். 38 முதல் 45 மில்லிமீட்டர் அகலம் இரண்டு ரோட்டுக்கும் பொருந்தும். நம் அப்பா காலத்துப் பெரிய சைக்கிளின் 28 x 1½ டயரும் ஏறக்குறைய 38 மில்லிமீட்டர்தான்! பெரியவர்கள் தெரிந்துதான் ஓட்டினார்கள்.

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பெரிய சைக்கிளுக்கு 40-635. இன்றைய ஹைபிரிட் சைக்கிளுக்கு 40-622 போல இருக்கும். ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. 26 அங்குலம் என்று சொல்வதிலும் 559, 590 எனப் பல வகை உண்டு. அளவு தெரியாமல் டயர் வாங்கி ஏமாறாதீர்கள்.

காற்றை டயரில் அச்சிட்ட அளவுக்குள் வையுங்கள். கல் போல் அடித்தால் ஜல்லியில் துள்ளும்.

2. ஹேண்டில், பிரேக்

ரேஸ் சைக்கிள் போல் கீழே வளைந்த ஹேண்டில் நமக்கு வேண்டாம். நேரான ஹேண்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கடைவீதி நெரிசலைப் பார்க்கலாம். பிரேக் எப்போதும் விரலருகே இருக்கும். ஆனால் அதில் பை மாட்டக்கூடாது, வளைவில் திருப்ப முடியாது. சரக்கு பின் கேரியரில்தான்.

இரும்பு ரிம் மழையில் பிரேக் பிடிக்காது. அலுமினிய ரிம் நல்லது. சேற்று ரோடு அதிகமானால் டிஸ்க் பிரேக் பார்க்கலாம்.

3. கியர், சாக் அப்சார்பர்

ஓசூர் மேட்டுப்பகுதி, சூளகிரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போகப்போக இறக்கம். போனால் திரும்பி ஏற வேண்டும். பின்னால் ஏழு கியர் இருந்தால் போதும். இருபத்தொரு கியர் என்று பெருமை பேசுவார்கள், பராமரிப்புத்தான் கூடும். மலிவான சாக் அப்சார்பர் எடையைக் கூட்டி, மிதிக்கும் பலத்தை வீணாக்கும். பின்பக்கம் சாக் இருந்தால் கேரியர் சரியாக மாட்ட முடியாது.

4. வாங்கும் முன்

ஓட்டப்போகிறவரையே அழைத்துப் போங்கள். பாரின் மேல் கால் போட்டு நின்றால் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். கேரியர் மாட்டும் ஸ்குரூ ஓட்டை இருக்கிறதா, கேரியரில் எத்தனை கிலோ என்று அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். பத்து கிலோ மூட்டை கட்டி ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள்.

சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பில்லில் அந்த விகிதம் இருக்கிறதா என்று கவனியுங்கள். எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வாங்கினாலும் வரி அதேதான். கோட்டம் எடுக்கவும் பஞ்சர் ஒட்டவும் பக்கத்துக் கடைதான் உதவும்.

இப்போது அந்தத் தம்பி 40-622 டயர் போட்ட சைக்கிளில் போகிறார். தேர்ந்தெடுத்தது அவர், பணம் கொடுத்தது மட்டும் நான். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும்.