முதலில் மூலைமட்டம், பிறகு ஸ்பிண்டில்

மாடியறையிலோ கார் ஷெட்டிலோ சொந்தமாக சிஎன்சி ரவுட்டர் கட்டுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மோட்டார்கள் சுழல்கின்றன, சொன்ன பக்கம் இயந்திரம் போகிறது, முதல் பெயர்ப்பலகையும் வெட்டியாகிவிட்டது. ஆனால் பலகையின் மேல் விரலை ஓட்டினால் வரிவரியாக மேடு தட்டுகிறது. சதுரமாக வெட்டிய துண்டை மூலைமட்டத்தில் வைத்தால் ஒரு பக்கம் வெளிச்சம் தெரிகிறது. உடனே பணம் போவது பிட்டைச் சுழற்றும் பெரிய ஸ்பிண்டிலுக்கு. 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் வந்து இறங்குகிறது. அதன் எடையில் இசட் அச்சு இன்னும் கொஞ்சம் தலை குனிகிறது. மேடு முன்னைவிடத் தெளிவாகத் தட்டுகிறது.

கதவுச்சட்டம் சேர்க்கும் தச்சர், இறுக்குவதற்கு முன் இரண்டு குறுக்கு மூலைக்கும் டேப் பிடித்துப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் அடுத்த வேலை. சிஎன்சிக்கும் அதே ஒழுங்கு வேண்டும். முதலில் சட்டம், அடுத்து ரயில், பிறகு அதன்மேல் ஓடும் குறுக்குப்பாலமான கேன்ட்ரி, அதன்பின் இசட், அப்புறம் ஸ்பிண்டில், கடைசியாகத்தான் படுக்கைப் பலகை. வரிசை மாறினால் ஒன்றைத் திருத்தும்போது முன்பு திருத்தியது கலைந்துபோகும்.

எதில் தொடங்குவது

முதல்முறை கை வைப்பவருக்கு 3018 வகை போதும். பெயரிலேயே அளவு இருக்கிறது: 30 செ.மீ.க்கு 18 செ.மீ. வேலைப் பரப்பு. பிட் மாட்டுவது, பூஜ்யம் பிடிப்பது, ஜி-கோடு அனுப்புவது எல்லாம் இதில் பழகிவிடும். இரு முனையில் மட்டும் தாங்கப்பட்ட மெல்லிய கம்பிகளும் 775 மோட்டாரும் கொண்ட அந்த இயந்திரத்தில் தேக்கை ஆழமாக வெட்ட முயல வேண்டாம்.

மேம்படுத்தும் வழியைப் பார்க்க ஷேப்போகோ என்ற சிஎன்சி ரவுட்டரின் வரலாறு நல்ல பாடம். எட்வர்ட் ஃபோர்டு 2011இல் கிக்ஸ்டார்ட்டரில் கொண்டுவந்த முதல் ஷேப்போகோ, பார்ட்டன் டிரிங் வடிவமைத்த மேக்கர்ஸ்லைடு அலுமினியத் தண்டின் மேல் சக்கரத்தில் உருண்டது, இழுத்தது பெல்ட். அதை ஓட்டியது சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் தொடங்கிய ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள். ஒரு ஆர்டுயினோ ஊனோ அதற்குப் போதும். பின்னால் வந்த ஷேப்போகோ ப்ரோவில் சக்கரத்தின் இடத்தில் லீனியர் ரயில் வந்தது. ஷேப்போகோ 5 ப்ரோவில் பெல்ட் போய் பால் ஸ்க்ரூ வந்தது. வீட்டில் கட்டுபவரும் இதே திசையில் போகலாம். இயந்திரம் விறைப்பாக நின்றால்தான் வேகத்துக்கும் ஆழத்துக்கும் பொருள் உண்டு.

60 செ.மீ. முதல் 1 மீட்டர் வரையான படுக்கைக்கு 15 அல்லது 20 மி.மீ. ரயில், 1605 பால் ஸ்க்ரூ (16 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்வு), நீமா 23 மோட்டார். இதற்குக் குறைத்து வாங்கினால் ஒரே ஆண்டில் மறுபடி வாங்க வேண்டிவரும். சட்டத்துக்கு அலுமினியத்தைவிட எஃகு ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பானது. எஃகுக் குழாயில் கட்டும் பிரின்ட்என்சி வடிவமைப்பு அதனால்தான் பலருக்குப் பிடித்திருக்கிறது. எஃகை வெல்டிங் வைத்தால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும். போல்ட் போட்டு இணைப்பதே வீட்டுப் பட்டறைக்கு நல்லது.

காசே செலவில்லாத மேம்பாடு ஒன்று இருக்கிறது. ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட தண்டு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்த நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப அது வளையும். பிட்டைப் பிடிக்கும் கோலட்டுக்கு வெளியே 40 மி.மீ. நீட்டியிருக்கும் பிட்டை 20 மி.மீ. ஆக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். இசட் தட்டு கேன்ட்ரிக்குக் கீழே தொங்கும் நீளத்தையும் இப்படியே பார்க்க வேண்டும். படுக்கையை உயர்த்தி அந்தத் தொங்கலைக் குறைத்துவிட்டால், புதிதாக எதுவும் வாங்காமலே சத்தம் அடங்குவதைக் கேட்கலாம்.

சட்டமும் ரயிலும்

சட்டத்தில் முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நூல் போதும். நான்கு மூலைக்கும் ஒரே உயரத்தில் குறுக்காக நூல் கட்டினால் நடுவில் இரண்டும் லேசாகத் தொட வேண்டும். இடைவெளி இருந்தாலோ, ஒன்று மற்றொன்றை அழுத்தினாலோ கால்களில் ஒன்றை ஏற்றி இறக்க வேண்டும். நூல்களை மேல்கீழாக மாற்றிக் கட்டி இன்னொரு முறை பார்த்தால் ஐயம் தீரும். ரசமட்டம் இங்கே இரண்டாம்பட்சம். சட்டம் தரைக்கு மட்டமாக இல்லாவிட்டாலும் வெட்டும், முறுக்கியிருந்தால் வெட்டாது.

ரயிலில் ஒன்றை மட்டும் நேராக்கி முழுதாக இறுக்கவும். இரண்டாவதன் போல்ட்டுகளைத் தளர்த்தி வைத்துவிட்டு கேன்ட்ரியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி, அது நிற்கும் இடத்தில் ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே போக வேண்டும். முடிவில் கேன்ட்ரி ஒரு விரலால் தள்ளினாலே ஓட வேண்டும்.

கேன்ட்ரியின் மூலை

பெரும்பாலோர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். கேன்ட்ரி, பக்க ரயில்களுக்குச் செங்குத்தாக நிற்கவில்லையென்றால் வெட்டும் ஒவ்வொரு சதுரமும் சாய்சதுரம்தான். மூலைமட்டத்தைக் கேன்ட்ரியில் வைத்துப் பார்ப்பது போதாது, 20 செ.மீ. மூலைமட்டம் 1 மீட்டர் இயந்திரத்தின் பிழையைக் காட்டாது. இயந்திரத்தையே அளவெடுக்க வைக்க வேண்டும்.

வி-பிட் மாட்டி, ஒரு எம்டிஎஃப் பலகையில் நான்கு புள்ளிகள் குத்த வேண்டும்: பூஜ்யம்-பூஜ்யம், எக்ஸில் 400, ஒய்யில் 300, பிறகு 400-300. மேஸ்திரிகள் கட்டிட மூலைக்குப் பிடிக்கும் 3-4-5 கணக்கு இதுவேதான். குறுக்களவு இரண்டும் 500 மி.மீ. வர வேண்டும். இரண்டும் சமமாக இருந்து 500 வராவிட்டால் மூலை சரி, மோட்டாரின் படிக்கணக்கு மட்டும் தவறு. இரண்டும் வேறுபட்டால் கேன்ட்ரி கோணல்.

முன்-இடமிருந்து பின்-வலம் போகும் குறுக்களவு மற்றதைவிட 1.2 மி.மீ. கூடுதலாக வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 400-300 கட்டத்துக்கு, வித்தியாசத்தை 1.2ஆல் வகுத்தால் 400 மி.மீ. அகலத்துக்கு எவ்வளவு கோணல் என்பது கிடைக்கும். இங்கே அது 1 மி.மீ. ஆகும். இரண்டு பக்க ஸ்க்ரூக்களும் 600 மி.மீ. தள்ளி இருந்தால் வலப்பக்கம் 1.5 மி.மீ. பின்பக்கமாகத் தள்ளி நிற்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, கேன்ட்ரி முனைகளின் போல்ட்டுகளைத் தளர்த்தி, வலப்பக்க பால் ஸ்க்ரூவை, கேன்ட்ரியை முன்பக்கம் இழுக்கும் திசையில் 0.3 சுற்று திருப்பினால் 1.5 மி.மீ. வந்துவிடும். பிறகு போல்ட்டுகளை இறுக்கி, மறுபடி நான்கு புள்ளி. போல்ட்டைத் தளர்த்தாமல் ஸ்க்ரூவை மட்டும் திருப்பினால் கேன்ட்ரி விறைத்துக்கொண்டு நிற்கும். மோட்டார் விட்டதும் பழைய கோணத்துக்கே திரும்பும்.

ஒவ்வொரு முறை இயக்கும்போதும் இந்த மூலை நிலைக்க, இரு பக்கத்துக்கும் தனித்தனி ஹோமிங் சுவிட்சும் தனித்தனி டிரைவரும் வேண்டும். வழக்கமாக நிறுவப்படும் ஜிஆர்பிஎல் இப்படி இரு பக்கத்தையும் தனியாகப் பிடிக்காது. ஜிஆர்பிஎல்ஹால் அல்லது ஃப்ளூயிட்என்சி என்ற மென்பொருள் இதற்கு எளிய வழி. ஃப்ளூயிட்என்சியை உருவாக்கியவர்களில் ஒருவர் மேக்கர்ஸ்லைடு தந்த அதே பார்ட்டன் டிரிங். அதற்கு வழியில்லாவிட்டால் இரு பக்கமும் ஒரு உலோகக் கட்டையை நிறுத்தி, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் முன் கேன்ட்ரியை அதில் மோதவிட்டுத் தொடங்கலாம்.

இசட்டும் ஸ்பிண்டிலும் வேறு வேறு

இசட் ஏறி இறங்கும் பாதை சாய்ந்திருந்தால் ஆழமான துளை சாயும். ஸ்பிண்டில் சாய்ந்திருந்தால் தளத்தில் வரி விழும். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஸ்பிண்டிலைத் திருத்துபவர் துளையைக் கெடுத்துக்கொள்கிறார். எனவே முதலில் டயல் கேஜை இசட் தட்டில் மாட்டி, படுக்கையில், அடிப்பக்கம் இயந்திரத்தின் நகர்வுக்கு இணையாக இருக்கும்படி நிற்க வைத்த மூலைமட்டத்தின் மேல் ஏற்றி இறக்கிப் பார்த்து, இசட் தட்டைத் திருத்த வேண்டும்.

ஸ்பிண்டிலுக்கு வரும்போது இன்னொரு குழி காத்திருக்கிறது. கோலட்டில் ஒரு கரம் மாட்டி, அதன் நுனியில் டயல் கேஜ் வைத்து, படுக்கையின் மேல் சுற்றிப் பார்ப்பது வழக்கம். ஆனால் படுக்கையே இன்னும் மட்டமாகவில்லையே! எதற்கு இணையாக்குகிறோம் என்பது தெரியாமல் அளப்பது வீண். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. 300 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் முன், பின், இடம், வலம் நான்கு இடத்திலும் படுக்கைப் பலகையில் ஒரே ஆழத்துக்கு நாணயம் அளவு தளம் வெட்ட வேண்டும். அந்த நான்கும் இயந்திரத்தின் சொந்த நகர்வுக்கு இணையானவை. ஒரே கண்ணாடித் துண்டை நான்கிலும் மாற்றி மாற்றி வைத்து, கரத்தைச் சுற்றி டயலைப் படித்தால் உண்மையான சாய்வு தெரியும்.

முன்னும் பின்னும் 0.3 மி.மீ. வித்தியாசம் வந்தால் சாய்வு ஆயிரத்தில் ஒன்று. 25 மி.மீ. தள பிட் அப்போது ஒவ்வொரு வரியிலும் 0.025 மி.மீ. வரை படி விட்டுப்போகும், நகம் அதை உணரும். ஸ்பிண்டில் தாங்கியின் மேல், கீழ் போல்ட்டுகளுக்கு இடையே 100 மி.மீ. இருந்தால், குளிர்பான அலுமினியக் கேனிலிருந்து வெட்டிய, ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிப்புள்ள ஒரு பட்டையை ஒரு பக்கப் போல்ட்டுகளுக்குப் பின்னால் செருகினால் அதே ஆயிரத்தில் ஒன்று திரும்பக் கிடைக்கும். இட-வலச் சாய்வுக்குப் பட்டை தேவையில்லை. ஸ்பிண்டில் தாங்கியைப் போல்ட் துளையின் இடைவெளியில் மெல்லத் தட்டித் திருப்பினால் போதும். 300 மி.மீ.க்கு 0.1 மி.மீ.க்குள் வந்துவிட்டால் மரவேலைக்கு அதற்கு மேல் துரத்த வேண்டாம்.

இப்போதுதான் படுக்கைப் பலகையைச் சீவலாம். பலகை முழுவதும் பென்சிலால் கட்டம் போட்டு, 0.3 மி.மீ. ஆழத்தில் தளம் வெட்டிக்கொண்டே போய், கடைசிப் பென்சில் கோடு மறைந்ததும் நிறுத்த வேண்டும்.

மின்சாரம்

400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்று ஓடும் ஸ்பிண்டில் வாங்கினால், அதன் வேகத்தை ஆளும் விஎஃப்டியின் அதிர்வெண் அமைப்பு 400 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று முதல் ஓட்டத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். அடிப்படை 50 ஹெர்ட்ஸ் என்று விட்டு ஓட்டினால் சுருள் கருகிவிடும். ஸ்பிண்டிலின் உடலுக்கு எர்த் கட்டாயம். அதன் கேபிள் கவசமுள்ளதாக இருக்க வேண்டும். லிமிட் சுவிட்சுகள் மூடிய நிலை வகையாக இருக்க வேண்டும். கேபிள் கவசமோ சுவிட்ச் வகையோ தவறினால் வெட்டின் நடுவே காரணமில்லாமல் இயந்திரம் நிற்கக்கூடும். அவசர நிறுத்தப் பட்டன் ஸ்பிண்டிலையும் நிறுத்த வேண்டும்.

படிக்கணக்கை ஸ்க்ரூவிலிருந்தே எடுக்கலாம்: ஒரு சுற்றுக்கு 200 படி, எட்டு நுண்படி, 5 மி.மீ. நகர்வு என்றால் மி.மீ.க்கு 320 படி. எக்ஸ் அச்சுக்கு இதுதான் ஜிஆர்பிஎல்லின் $100 எண். திசை மாறும்போது வரும் தளர்வான பேக்லாஷால் வரும் குறையை இந்த எண்ணைத் திருத்தி மறைக்கவே கூடாது. 10 மி.மீ. முன்னே போய், 10 மி.மீ. திரும்பி வந்து டயல் பூஜ்யத்துக்கு வராவிட்டால் திருத்த வேண்டியது நட்டும் பேரிங்கும்தான்.

முதல் வெட்டு

6 மி.மீ. இரண்டு வெட்டு முனைப் பிட், நிமிடத்துக்கு 16,000 சுற்று, ஒரு முனைக்கு 0.05 மி.மீ. சீவல் என்று எடுத்தால் நகர்வு நிமிடத்துக்கு 1,600 மி.மீ. ஆழம் 3 மி.மீ. போதும். விழுவது சீவலாக இருக்க வேண்டும். மாவாக விழுந்தாலோ வெட்டு ஓரம் கருகினாலோ நகர்வு போதவில்லை. சுற்றைக் குறைக்கவோ நகர்வைக் கூட்டவோ வேண்டும். பயந்து நகர்வைக் குறைப்பவரின் பிட் சூட்டில் மழுங்குகிறது. தேக்கில் சிலிக்கா இருப்பதால் கார்பைடு பிட்டே அதற்கு நிற்கும்.

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. எம்டிஎஃப் தூள் மிக நுண்ணியது. உறிஞ்சியும் முகக்கவசமும் இல்லாமல் அதன் முன் நிற்கக் கூடாது.

முதல் வெட்டு முடிந்ததும் அந்த 400-300 கட்டத்தின் இரண்டு குறுக்களவையும் தேதியோடு சட்டத்தின் உட்பக்கத்தில் எழுதி வைக்கலாம். ஒரு மாதம் ஓடிய பின் அதே நான்கு புள்ளியை மறுபடி குத்தி அளந்தால், எந்தப் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று தேடத் தொடங்க வேண்டிய பக்கம் தெரிந்துவிடும்.