தறி பிடித்த கையும் வீட்டு வயரிங்கும்

குமாரபாளையத்தில் வீட்டுப் பழுதுக்கு ஆள் கூப்பிடுவது கொஞ்சம் கூச்சப்பட வேண்டிய விஷயம். விசைத்தறி ஓடும் ஊர். பட்டறையில் நட்டு, போல்ட்டு, பெல்ட், மோட்டார் என்று நாளெல்லாம் புழங்கும் கைக்கு வீட்டுக் குழாயும் சுவிட்ச் போர்டும் எம்மாத்திரம் என்ற எண்ணம் இயல்பாகவே வந்துவிடுகிறது. இதற்கு நேரெதிரான நம்பிக்கையும் புதுக் குடியிருப்புகளில் வேர்பிடித்து வருகிறது. குழாய் சொட்டினாலும், ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும் ஃபோனை எடுத்து ஆளைக் கூப்பிட வேண்டும், நாமே தொட்டால் கெட்டுப்போகும் என்பது அது. இரண்டு கூட்டமும் கையில் வைத்திருப்பது ஒரே அளவுகோல்தான்: வேலை எவ்வளவு கடினம், கூலி எவ்வளவு. கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். செய்த வேலையில் தவறு நேர்ந்திருந்தால் அது உடனே தெரியுமா? தெரியும்போது திருத்த நமக்கு அவகாசம் இருக்குமா?

தறிக்காரரின் கைத்திறன் பொய்யில்லை. ஆனால் அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். பாவில் ஓர் இழை அறுந்தால் துணியில் கோடு விழுகிறது. நாடா போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேராவிட்டால் சத்தமே மாறிவிடுகிறது. தவறு அடுத்த நிமிடமே கண்ணிலும் காதிலும் படுவதால்தான் நெசவு செய்கிறவர் மேஸ்திரி வருமுன்பே பாதிப் பழுதைத் தானே கண்டுபிடித்துவிடுகிறார். இந்த வகைத் தவறுகள் வீட்டிலும் உண்டு. குழாய் வாஷரைத் தப்பாகப் போட்டால் சொட்டும். ஃப்ளஷ் தொட்டியின் மிதவையைச் சரியாக மாட்டாவிட்டால் தண்ணீர் வழியும். கதவுக் கீல் கோணினால் கதவு உரசும். இதற்கெல்லாம் ஆளைத் தேடுவது வீண் செலவு. மின்சாரத்திலேயே இப்படி ஒரு பகுதி இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி, மின்வேலை எதையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, விளக்கு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச், வீட்டு உபயோகப் பொருட்கள் ஆகியவற்றை மாற்றுவதற்கு மட்டும் விலக்கு அளித்தது. அதற்கும் ஒரு நிபந்தனை: இணைப்பின் திறனோ தன்மையோ மாறக் கூடாது. மத்திய மின்சார ஆணையம் 2010-இல் கொண்டுவந்த விதிமுறைகளிலும் இந்தக் கோடு அப்படியே நின்றது. மெயினை அணைத்துவிட்டு ஃபேனின் கண்டென்சரை மாற்றுங்கள், பழைய சுவிட்ச் இருந்த இடத்தில் அதே மாதிரிப் புது சுவிட்சைப் போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. பழைய ஃபேன் லைனிலிருந்து ஏ.சி.க்கு வயர் இழுக்கும்போது கோட்டைத் தாண்டிவிடுகிறீர்கள்.

தாண்டினால் என்ன, எம்.சி.பி. இருக்கிறதே, ஏதாவது ஆனால் விழுந்துவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. படித்தவர்களிடம்தான் இது அதிகம். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, அளவுக்கு மீறிச் சூடாகி எரியாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. விளக்கு லைனில் இருக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். மனித உடலுக்குள் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சில விநாடிகள் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். 6 ஆம்பியர் என்பது அதைப்போல 200 மடங்கு. ஆள் போன பிறகும் அந்த எம்.சி.பி. அசையாமல் நிற்கும். எர்த் சரியாக இருந்தால் கசியும் மின்சாரம் பெருமளவில் மண்ணுக்குப் போய் எம்.சி.பி.யை விழவைக்கும் என்பது உண்மை. ஆனால் எர்த் குழி காய்ந்து மின்தடை 50 ஓம் ஆகிவிட்டால், 230 வோல்ட்டில் அந்த வழியே போவது 4.6 ஆம்பியர்தான். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது வழக்கமான சுமையாகத் தெரியும்; கிரைண்டரின் உடம்போ கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜில் காத்துக்கொண்டிருக்கும். இந்த இடத்தில் உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி. போகும் மின்சாரத்துக்கும் திரும்பும் மின்சாரத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் அது துண்டித்துவிடும். சங்கடம் என்னவென்றால், இது இல்லாத வீட்டிலும் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும். குறை எந்த வடிவிலும் தெரியாது.

எர்த் வயர் வராத பழைய வீடுகளில் மூன்று முனை பிளக் பாயின்ட்டில் எர்த் துளையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது இதைவிட மோசம். வாஷிங் மெஷின் ஓடுகிறது, டெஸ்டர் எரியவில்லை, எல்லாம் நலம் என்று தோன்றும். மழையிலோ காற்றிலோ நியூட்ரல் எங்காவது அறுந்த அன்று, மெஷினுக்குள் போன மின்சாரம் திரும்ப வழியில்லாமல் அந்தத் துண்டு வயர் வழியாகவே மெஷினின் உடம்புக்கு வந்துவிடுகிறது. டெஸ்டர் இதை முன்கூட்டிச் சொல்லாது. எர்த் துளையில் வைத்தால், எர்த் நன்றாக இருந்தாலும் எரியாது, எர்த்தே இல்லாவிட்டாலும் எரியாது. இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுக்கு 10,000 பேருக்கு மேல் இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் காட்டுகின்றன. வயல், தெரு, தொழிற்சாலை எல்லாம் சேர்ந்த எண் இது. வீட்டை மட்டும் பிரித்துச் சொல்ல இதைப் பயன்படுத்த முடியாது. ஆனாலும் தெரியாமல் கிடக்கும் தவறு எத்தகையது என்பதற்கு இது போதும்.

குமாரபாளையத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. பட்டறையும் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் ஊர். தறிக்கு ஒரு சர்வீஸ், வீட்டுக்கு ஒரு சர்வீஸ். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 1,000 யூனிட்டாக உயர்ந்தது. தறி சர்வீஸிலிருந்து வீட்டுக்கு ஒரு லைன் இழுத்தால் என்ன என்ற சபலம் அங்கே பிறக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் இதற்கு இரு மடங்குக் கட்டணம் காத்திருக்கிறது. அது பணத்தோடு போகிற விஷயம். ஃபேஸை வீட்டு சர்வீஸிலிருந்தும் நியூட்ரலைப் பட்டறையிலிருந்தும் எடுத்துவிட்டால் நடப்பது வேறு. வீட்டு ஆர்.சி.சி.பி. வழியாகப் போன மின்சாரம் அதே வழியில் திரும்பாததால் அது அடிக்கடி விழும். "சும்மா சும்மா டிரிப் ஆகுது" என்று அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் ஒழுங்காக வேலை செய்த ஒரே காவலாளி வேலை இழப்பது இப்படித்தான். ஜெனரேட்டரையும் இங்கே சொல்ல வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில், சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு லைனில் கோத்துவிட்டால், அந்த மின்சாரம் பின்னோக்கிப் போய் டிரான்ஸ்பார்மரில் 11,000 வோல்ட்டாக ஏறிக் கம்பத்தில் நிற்கிறவரைத் தாக்கும். தன் வீடு, தன் இஷ்டம் என்ற வாதம் இங்கே செல்லாது.

யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமே என்பார்கள். குழாய் வேலைக்கு அது நல்ல வாத்தியார்தான். வயரிங்கில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். நம் ஊரில் வழக்கமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அமெரிக்க வீடியோவில் கறுப்புதான் மின்சாரம் வரும் வயர். ஐரோப்பிய வீடியோவில் நீலம் நியூட்ரல். போதாக்குறைக்கு, பத்து வருடத்துக்கு முன் கையிலிருந்த வயரை வைத்து யாரோ செய்த வேலை உங்கள் சுவருக்குள் இருக்கலாம். அதில் நிறம் எதையும் உறுதி செய்யாது. வீடியோ காட்டுவது வீடியோக்காரரின் சுவரை.

2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி தண்ணீர் வந்தபோது குமாரபாளையத்தின் ஆற்றோர வீடுகளுக்குள் காவிரி புகுந்தது. தண்ணீர் வடிந்தபின் நான்கு நாள் வெயில் காய்ந்தால் போர்டும் காய்ந்துவிடும் என்று நினைப்பது சகஜம். சுவருக்குள் குழாயில் தேங்கிய நீரும் சேறும் வெளியிலிருந்து தெரியாது. மெகர் வைத்து இன்சுலேஷனை அளக்காமல் மெயினைப் போடக் கூடாது. இதில் வாதத்துக்கு இடமில்லை.

செப்டிக் டேங்க் விஷயத்தில் "நானே செய்யலாமா, ஆள் வைக்கலாமா" என்ற கேள்வியே தவறு, இரண்டுமே கூடாது. தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அளவு கூடும்போது அது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. நாற்றம் குறைந்துவிட்டது என்று இறங்குகிறவர் மயங்கி விழுகிறார், தூக்கப் போகிறவரும் விழுகிறார். உரிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நகராட்சியை மட்டுமல்ல, ஆள் வைக்கும் எவரையும் அது கட்டுப்படுத்தும். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. இறப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சமாக நிர்ணயித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. "பழகின ஆள், ஒண்ணும் ஆகாது" என்பதற்கு விஷவாயுவிடம் பதில் உண்டு: அதற்குப் பழக்கம் கிடையாது. உறிஞ்சும் வண்டியைக் கூப்பிடுவது மட்டுமே வழி.

மொட்டை மாடி ஒழுக்கு இடைப்பட்ட ரகம். உயிர் போகாது, ஆனால் தவறு தெரிய அடுத்த ஐப்பசி வரை ஆகும். செங்கல் ஜல்லி போட்டுத் தட்டு ஓடு பதித்த மாடிகளில் தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி, ஓட்டுக்கு அடியிலேயே ஓடி, எங்கோ தள்ளிக் கூரையில் கறையாக வரும். கறைக்கு நேர் மேலே இருக்கும் விரிசலில் வாட்டர் புரூஃப் பெயின்ட்டைப் பூசிவிட்டுக் கம்பெனியைத் திட்டுவதில் பொருளில்லை. மழைநீர்க் குழாய்களை அடைத்துப் பகுதி பகுதியாகத் தண்ணீர் தேக்கிப் பார்த்தால் எங்கிருந்து இறங்குகிறது என்று தெரியும். அந்தச் சோதனையை வீட்டுக்காரரே செய்யலாம், செய்யவும் வேண்டும். கொத்தனாரைவிட அவருக்குத்தான் பொறுமை இருக்கும். பூச்சு வேலையைத் தெரிந்தவரிடம் விடலாம். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட பட்டறைக் கூரை மட்டும் விதிவிலக்கு. அது ஒழுகுகிறதென்று ஏறி மிதித்தால் ஷீட் உடைந்து ஓடும் தறிமேல் விழ நேரும்.

இவ்வளவும் சரி, கூலி கட்டுப்படியாக வேண்டுமே என்பது நியாயமான மறுப்பு. கூலிக்கு நெசவு செய்யும் குடும்பத்தில் ஒவ்வொரு நூறு ரூபாயும் கணக்குத்தான். ஆனால் அதே கணக்கை முழுதாகப் போட வேண்டும். நெய்த அளவுக்குத்தான் கூலி. தறி நின்றால் வருமானம் நின்றது. அரை நாள் பட்டறையை நிறுத்திவிட்டு ஒரு போர்டோடு மல்லுக்கட்டி, கடைக்கு இரண்டு முறை நடந்து, கடைசியில் ஆளையே கூப்பிட்டால் மிச்சம் என்ன? சின்ன வேலைக்கு யாரும் வருவதில்லை என்பதும் உண்மை. அதனால்தான் சின்ன வேலையை நீங்களே செய்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாத வேலைகளை மட்டும் சேர்த்து வைத்து ஒரே நாளில் கொடுப்பது உத்தமம்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது: வருகிற எலக்ட்ரீசியன் மட்டும் என்ன கிழித்துவிடுகிறார்? ஆர்.சி.சி.பி.யைக் கழற்றச் சொன்னவரும், எர்த்துக்கு நியூட்ரலை இணைத்தவரும் கூலி வாங்கிய ஆள்தானே? இதை நான் மறுக்கவில்லை. பணம் வாங்குவதால் யாரும் வல்லுநர் ஆகிவிடுவதில்லை, ஆள் வைத்ததால் நம் பொறுப்பு தீர்ந்துவிடுவதும் இல்லை. தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று அரசால் நடத்தப்படுகிறது. சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அதைவிடப் பயனுள்ளது, தெரியாத தவறைத் தெரியவைக்கும் வேலையைச் செய்யச் சொல்லி அதற்குத் தனியாகக் கூலி கொடுப்பது. எர்த் மின்தடையை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். டெஸ்டரோடு வருகிறவரால் அது முடியாது என்பதிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அவர் முன்னால் ஒரு முறையும், பிறகு மாதத்துக்கு ஒரு முறை நீங்களும் அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மாற்ற வேண்டும். அளந்த எண்ணைத் தேதியோடு மெயின் பாக்ஸ் கதவின் உள்பக்கம் எழுதிவைக்கச் சொல்லுங்கள். சித்திரையில் அளந்ததா கார்த்திகையில் அளந்ததா என்பதும் அதில் இருக்க வேண்டும். மண் காயக் காய அந்த எண் ஏறும். கார்த்திகையில் நல்லதாகத் தெரிந்த எர்த்துக்குச் சித்திரையில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும், அந்த வேலைக்கு ஆள் தேவையில்லை.