சொந்தத்தில் கட்டினால் கரு தங்காதா?

காணிப்பாக்கத்தில் பொய் சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது என்பார்கள். சித்தூருக்குச் சற்றுத் தள்ளி, பாகுதா ஆற்றை ஒட்டி இருக்கும் வரசித்தி விநாயகர் கோயில் அது. குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு சாமி முன்னால் நின்று சத்தியம் செய்வது அங்கே வழிவழியாக வரும் வழக்கம். கடன் தகராறா, களவா, குடியை விடுவதா, கடைசித் தீர்ப்பு அந்தச் சந்நிதியில்தான். அதற்குப் பிரமாணம் என்று பெயர். ஆணையும் பிரமாணம், சான்றும் பிரமாணம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

அந்தக் குளத்துப் படியில் என் ஒன்றுவிட்ட தம்பியின் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதிலிருந்து மூன்று ஸ்கேன் தாள்களை எடுத்து முழங்காலில் அடுக்கினாள். மூன்றும் மடித்து மடித்து, மடிப்பில் கிழியும் நிலையில் இருந்தன. மூன்று முறை கரு கலைந்திருக்கிறது. கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை.

"பெரியப்பா, மாமாவக் கட்டிக்கிட்டதாலதான் தங்கலன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆயா அழுவுறாங்க, நான்தான் பிடிவாதமா கட்டி வெச்சேன்னு. இப்போ பாக்குற டாக்டர், மாமா ரத்தத்துல இருந்து ஊசி தயார் பண்ணிப் போட்டா நிக்கும்னு சொல்றாரு. போட்டுக்கட்டுமா?"

நான் மருத்துவன் அல்ல. மருத்துவ ஆய்வுகளின் எண்களைப் படித்து எழுதுகிறவன். ஆனால் அவள் கேட்டதற்குள் இருந்த இரண்டு நம்பிக்கைகளுக்கும் எண்களால் பதில் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதில் முதல் பதில் கிடைத்த இடம் சித்தூரிலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

நம்பிக்கை: உறவில் திருமணம் செய்தால் கரு தங்காது, பிள்ளை பிறக்காது.

1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை இந்த ஊர்களில் பெரும்பகுதி வடஆர்க்காட்டைச் சேர்ந்தது. தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும் அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுவது இங்கே உரிமை. 1970-களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் உயிர்ப்புள்ளியியல் துறையைச் சேர்ந்த பி.எஸ்.எஸ். சுந்தர் ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் இந்த வழக்கத்தைத்தான் எண்ணி ஆராய்ந்தார்கள். வடஆர்க்காட்டுக் கிராமங்களில் ஏறத்தாழப் பாதித் திருமணங்கள் உறவுக்குள் நடந்திருந்தன. நகரத்தில் அதைவிடக் குறைவு.

அவர்கள் எண்ணிய விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மருத்துவமனை வாசலில் நின்று, நோயோடு வந்த குழந்தைகளின் பெற்றோரிடம் மட்டும் "நீங்கள் சொந்தமா?" என்று கேட்டால் உறவுமணம் பயங்கரமாகத் தெரியும். அத்தை மகனைக் கட்டி நான்கு பிள்ளைகளை நலமாக வளர்த்த பெண் அந்த வாசலுக்கு வரவே மாட்டாள். அவளையும் கணக்கில் சேர்க்க வேண்டுமென்றால் ஊருக்குள் போக வேண்டும். பிள்ளை பெற்றவள், பெறாதவள், இழந்தவள் என்று எல்லா வீட்டையும் ஒரே கேள்வித்தாளோடு பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. உறவில் கட்டிக்கொடுக்கும் பெண்ணுக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் முடிந்துவிடும். பதினாறு வயதுத் தாயின் குழந்தை இறந்தால் அது ரத்த உறவின் குற்றமா, வயதின் குற்றமா, வறுமையின் குற்றமா? மூன்றையும் பிரித்துப் பார்ப்பதுதான் உயிர்ப்புள்ளியியலாளரின் வேலை.

1977-ல் தமிழ்நாட்டு மகப்பேறு பற்றி அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் முடிவு பலரை வியக்க வைத்தது. கருத்தரிப்பு, மலட்டுத்தன்மை, கருச்சிதைவு ஆகியவற்றில் உறவுத் தம்பதியருக்கும் உறவில்லாதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு தெரியவில்லை. பல தலைமுறைகளாக உறவுக்குள்ளேயே மணந்ததால், உயிரையே பறிக்கும் மரபணுக் கோளாறுகள் சில இந்தச் சமூகங்களில் வடிந்து போயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அந்த விளக்கம் இன்னும் விவாதத்துக்கு உரியது. ஆனால் ஆயாவின் அழுகைக்கு அந்த எண்கள் பதில் சொல்லிவிட்டன.

நம்பிக்கை: அப்படியென்றால் உறவுமணத்தால் ஒன்றும் ஆகாது. நம் பரம்பரையில் எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்.

இதுவும் தவறு. நம் ஒவ்வொருவரிடமும் வெளியே தெரியாத பழுதான மரபணுக்கள் சில இருக்கின்றன. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேர்ந்தால்தான் நோய் வெளிப்படும். ஒரே மூதாதையிடமிருந்து வந்த இரண்டு பிரதிகளும் ஒரு குழந்தையிடம் சந்திக்கும் வாய்ப்பு, மாமன் மகளைக் கட்டினால் பதினாறில் ஒன்று. அக்காள் மகளைக் கட்டினால் எட்டில் ஒன்று. உறவில்லாத பெற்றோருக்குப் பிறக்கும் நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் கோளாறு இருக்கும். மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் இன்னும் ஏறத்தாழ இரண்டு மூன்று கூடும். தாய்மாமன் திருமணத்தில் அதற்கும் மேல். நூற்றில் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். அதனால்தான் "நம் வீட்டில் ஒன்றும் இல்லையே" என்று சொல்ல முடிகிறது. ஆனால் அந்தக் கூடுதல் இரண்டு மூன்றில் பிறவிச் செவிட்டுத்தன்மையும், நோய் எதிர்ப்பாற்றலே இல்லாமல் பிறக்கும் கொடிய குறைபாட்டின் சில வகைகளும் அடங்கும். எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தைக்குச் சாதாரணச் சளியே எமன். ஒரே வீட்டில் கைக்குழந்தைகள் அடுத்தடுத்துத் தொற்றில் இறந்திருந்தால், அதை விதி என்று விட்டுவிடாமல் மரபியல் ஆலோசனைக்குப் போயே ஆக வேண்டும்.

காணிப்பாக்கத்துத் தலபுராணம் மூன்று சகோதரர்களில் தொடங்குகிறது. ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேளாது, ஒருவருக்குப் பேச்சு வராது. மூவரும் சேர்ந்து கிணற்றில் ஏற்றம் இறைத்துப் பயிர் செய்தார்கள். அந்தக் கதைக்கு மருத்துவ விளக்கம் தேட எனக்கு விருப்பமில்லை. ஊனத்தோடு பிறந்தவர்களை மூலையில் உட்கார வைக்காமல் உழைப்பாளிகளாக நிறுத்திய கதை அது. எனக்கு அது போதும்.

எல்லாச் செவிட்டுத்தன்மையும் உறவுமணத்தால் வருவதும் இல்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு ருபெல்லா அம்மை கண்டால் குழந்தைக்குக் காது, கண், இதயம் மூன்றும் பழுதாகலாம். 1941-ல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாரை விசாரித்து இதைக் கண்டுபிடித்தார். எத்தனை வீடுகளில் இந்தப் பழியை மாமன் உறவு சுமந்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. ருபெல்லாவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ருபெல்லா ஊசி போடத் தொடங்கியபோது வாட்ஸப்பில் வதந்தி பரவி, பல பெற்றோர் குழந்தைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் ஊசி இல்லை அது, பிறக்கப்போகும் பிள்ளையைக் காக்கும் ஊசி.

நம்பிக்கை: கணவரின் ரத்த அணுவை ஊசியாகப் போட்டால் கரு நிற்கும்.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய அறிவியல் கேள்வி இருக்கிறது. 1953-ல் பீட்டர் மெடவார் கேட்டார்: கருவின் பாதி தந்தையுடையது என்றால், தாயின் உடல் அதை அந்நியம் என்று ஏன் தள்ளுவதில்லை? தாயின் உடல் முதலில் அந்நியத்தை அடையாளம் கண்டு, பிறகு அதைப் பொறுத்துக்கொள்கிறது என்று சிலர் ஊகித்தார்கள். கணவனும் மனைவியும் மரபணுவில் நெருக்கமாக இருந்தால் அந்த அடையாளம் தவறிப்போகும், கணவனின் வெள்ளையணுக்களை ஊசியாகக் கொடுத்து நினைவூட்டலாம் என்பது அடுத்த படி. 1985-ல் லண்டனில் 49 பெண்களிடம் நடந்த சோதனையில் கணவரின் அணுக்களைப் பெற்ற 22 பேரில் 17 பேருக்குப் பிள்ளை நின்றது. தம் அணுக்களையே பெற்ற 27 பேரில் 10 பேருக்குத்தான். உலகெங்கும் இந்த ஊசி பரவியது.

49 பேர் என்பது சின்னக் கூட்டம். கரோல் ஓபர் என்ற மரபியலாளரும், தியடோர் கேரிசன் என்ற உயிர்ப்புள்ளியியலாளரும், பிறரும் சேர்ந்து இதைவிடப் பெரிய ஆய்வொன்றை நடத்தினார்கள். உறவுக்குள் மணக்கும் ஹட்டரைட் சமூகத்தில், கணவன் மனைவியின் திசு அடையாள மரபணுக்கள் ஒத்துப்போனால் கரு இழப்பு ஓரளவு கூடுகிறது என்று கண்டவரும் இதே ஓபர்தான். ஊசி பலிக்கும் என்று நம்ப அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கணவரின் அணுக்கள், மறுபாதிக்கு வெறும் உப்புநீர். 1999-ல் லான்செட் இதழில் வந்த முடிவு: அணுக்களைப் பெற்ற 86 பேரில் 31 பேருக்குக் கர்ப்பம் 28 வாரத்தைத் தாண்டியது, அதாவது 36 விழுக்காடு. உப்புநீர் பெற்ற 85 பேரில் 41 பேருக்கு, 48 விழுக்காடு. ஊசி கைகொடுக்கவில்லை. கெடுத்திருக்கவும் கூடும். 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆய்வுக்கு வெளியே இதைக் கொடுக்கக் கூடாது என்று நிறுத்தியது.

அந்த 41 பேரைத்தான் நான் மறப்பதில்லை. மருந்து எதுவும் உடலில் ஏறாமலே கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் கரு நின்றிருக்கிறது. அந்த ஒன்பது மாதத்தில் அவர்கள் எந்த ஊசி போட்டிருந்தாலும், எந்த லேகியம் சாப்பிட்டிருந்தாலும், பேர் அதற்குப் போயிருக்கும். "எங்களிடம் வந்த நூறு பேரில் ஐம்பது பேருக்குப் பிள்ளை" என்று ஒரு பலகை சொன்னால், வராத நூறு பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டியிருப்பது அதனால்தான்.

இதையெல்லாம் அவளிடம் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. தொடக்கத்திலேயே கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, அந்தக் கருவின் நிறப்புரி (குரோமோசோம்) எண்ணிக்கை பிசகியதால் கலைபவை, அவள் செய்த எதனாலும் அல்ல என்று மட்டும் முதலில் சொன்னேன். பிறகு ஒரு தாளில் எழுதினேன்: இரண்டு பேருக்கும் நிறப்புரிப் பரிசோதனை, கருப்பையின் வடிவம், தைராய்டு, பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள். கடைசியாக இருப்பது எதிர்ப்பாற்றல் தொடர்பான உண்மையான காரணம். அது இருப்பது உறுதியானால் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் கொடுக்கிறார்கள்.

"அப்போ ஊசி?"

"போடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளும்மா. போடாதவங்களோட ஒப்பிட்டுப் பாத்தாங்களா, அதுல என்ன வந்துச்சுன்னு கேளு."

அவள் அதையும் தாளின் கீழே தன் கையாலேயே எழுதிக்கொண்டாள். மாமன் பிரசாதப் பொட்டலங்களோடு படியிறங்கி வந்தார். ஸ்கேன் தாள்களை அவள் பைக்குள் வைத்தாள். எழுதிய தாளை மட்டும் அவரிடம் நீட்டினாள்.

"ஆயாகிட்ட நீயே சொல்லிடு மாமா," என்றாள். "அவங்க மேல தப்பில்லன்னு."