இணைப்பு அறுந்தால் உதவி சேராது
(இளைஞர் கணினிப் பாடம்)



நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பிள்ளைகள் பலர் கணினி படிக்கிறார்கள். அவர்கள் முதன்முதலாகச் செய்யும் இணையச் செயலியில் முகப்புப் பக்கம் நன்றாகத் திறக்கும். 'விண்ணப்பப் படிவம்' என்பதைத் தொட்டால் '404' என்று வந்து நிற்கும். அது கல்வி உதவிப் படிவமாகவும், அன்று கடைசி நாளாகவும் இருந்தால்? லப்பைக்குடிகாட்டில் ஒரு தாய், "உதவி இல்லை போலிருக்கிறது" என்று செல்போனை வைத்துவிடுவார். எனவே இதைச் சரிசெய்யக் கற்போம்.

404 என்றால், சர்வர் பதில் சொல்கிறது. கேட்ட முகவரியில் பக்கம் இல்லை என்று பொருள். 500 என்று வந்தால் முகவரியை விட்டு நிரலில் பிழை தேடுங்கள்.

வழக்கமான காரணங்கள் நான்கு:

1. எழுத்து வேறுபாடு: கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் விண்டோஸில் பொதுவாக ஒன்றே, லினக்ஸ் சர்வரில் வெவ்வேறு. வீட்டில் திறந்த பக்கம் அங்கே திறக்காது. எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்திலேயே, இடைவெளி இல்லாமல் வையுங்கள்.

2. வீட்டுக் கணினியின் முகவரி: இணைப்பில் 'சி டிரைவ்' அல்லது 'லோக்கல்ஹோஸ்ட்' என்று இருந்தால், அது உங்கள் கணினியில் மட்டுமே வேலை செய்யும். நீக்குங்கள்.

3. அரைகுறை முகவரி: "அடுத்த தெரு" என்றால் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறுமல்லவா? '/உதவி/கல்வி' பக்கத்தில் 'படிவம்' என்று மட்டும் எழுதினால் '/உதவி/படிவம்' திறக்கும். '/உதவி/கல்வி/பள்ளி' பக்கத்தில் அதே சொல் '/உதவி/கல்வி/படிவம்' என்று தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. சாய்கோட்டில் தொடங்கி முழுப் பாதையையும் எழுதுங்கள். பிளாஸ்க், ஜாங்கோ பயன்படுத்துவோர் பாதைக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரால் அழைப்பது இன்னும் நல்லது. பாதை மாறினாலும் இணைப்பு அறாது.

4. இடம் மாறிய பக்கம்: அரியலூர் 2001-ல் தனி மாவட்டமானது, 2002-ல் பெரம்பலூருடன் சேர்ந்தது, 2007-ல் மீண்டும் பிரிந்தது. ஊர் அங்கேயே இருந்தது. மாவட்டப் பெயர்தான் மாறியது. இணையத்திலும் முகவரி மாறினால், பழைய முகவரியில் வருபவரைப் புதிய இடத்துக்கு அனுப்பும் '301' ஏற்பாட்டைச் செய்யுங்கள். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி மாறக் கூடாது என்று 1998-லேயே எழுதினார்.

வெளியிடுமுன், வேறொருவர் செல்போனில், மொபைல் டேட்டாவில், ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். உள்பக்கங்களிலிருந்தும் தொட்டுப் பாருங்கள். பக்கம் இல்லாதபோது வரும் அறிவிப்பைத் தமிழில் எழுதி, முகப்புக்குச் செல்லும் வழியையும் தொடர்பு எண்ணையும் அதில் கொடுங்கள்.

மக்களுக்காகச் செய்யும் செயலி ஓர் அமானிதம். அதில் ஒரு கதவும் பொய்க் கதவாக இருக்க வேண்டாம். அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.