கடலைப் பூசணமும் கல்லீரல் புற்றுநோயும்

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பூசணம் உண்டாக்கிய நஞ்சே காரணம். அதுவே அப்ளாடாக்சின்.

இந்நஞ்சு மனிதனின் கல்லீரலில் மாற்றமடைந்து, உயிரணுக்களின் மரபுப்பொருளில் ஒட்டிக்கொள்கிறது. அணுக்கள் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் மரபணு இதனால் பழுதடையலாம். கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் அது மீண்டும் வளரும். அவ்வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களை 'வளர்ச்சிக் காரணிகள்' என்பர். காயம் ஆறியதும் அவை அடங்கிவிடும். புற்று அணுக்களோ இவற்றைத் தாமே சுரந்து ஓயாமல் பெருகுகின்றன. அவற்றுள் ஒன்று புதிய இரத்தக் குழாய்களை வளரச் செய்து கட்டிக்கு உணவூட்டுகிறது. பின்னர் இரத்தத்தின் வழியே நோய் நுரையீரலுக்கும் பரவுகிறது. பி வகைக் கல்லீரல் அழற்சி உள்ளவர்களுக்கு ஆபத்து பன்மடங்கு. அதற்குத் தடுப்பூசி உண்டு. குழந்தைகளுக்குத் தவறாமல் போடவும்.

வறுத்தாலும் வேகவைத்தாலும் இந்நஞ்சு முற்றிலும் அழியாது. பறித்த காய்களை ஈரத்தோடு குவிக்காமல், ஈரப்பதம் 8 சதத்திற்குக் குறையும்வரை உலர்த்தவும். தோல் உடைக்க எளிதென்று காய்களில் தண்ணீர் தெளிப்பது பூசணத்தை நாமே வளர்ப்பதாகும். அதை அறவே விடவும். மூட்டைகளை மரச்சட்டங்களின் மேல் அடுக்கவும்.

நல்ல பருப்பைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, கழிந்த பருப்பை வீட்டுச் சட்னிக்கு வைத்துக்கொள்வோர் உண்டு. விற்க ஆகாதது பிள்ளைகள் தின்னவும் ஆகாது. கறவை மாட்டுக்குப் போட்டால் நஞ்சு பாலிலும் வரும். பூசணம் படிந்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளைப் பொறுக்கி அழித்துவிடவும்.